எஸ்பிஏ-வில் பக்கம் மாறும்போது அனிமேஷன்: லைப்ரரி போதுமா, பிரவுசரின் வியூ டிரான்சிஷனா?

படவரி

வணக்கம் நண்பர்களே. ரியாக்ட்டில் (திரை இடைமுகம் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஒரு படக் காப்பகம் எழுதியிருக்கிறோம். எஸ்பிஏ, அதாவது பக்கத்தை மறுபடி ஏற்றாமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் ஆப். முகவரிக்கு ஏற்ற பக்கத்தைக் காட்டும் ரவுட்டிங்குக்கு ரியாக்ட் ரவுட்டர். பட்டியல் பக்கத்தில் சிறு படங்கள், ஒன்றைத் தொட்டால் விவரப் பக்கம், தவிர அமைப்புகள் பக்கம் ஒன்று. எல்லாம் சரியாக வேலை செய்கிறது. ஆனால் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது திரை பட்டென்று மாறிவிடுகிறது. பயன்படுத்துபவர்களில் பலருக்குப் பக்கம் மாறியதே தெரிவதில்லை. விவரப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தால் எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று தேடுகிறார்கள்.

அதனால் அனிமேஷன் லைப்ரரியான ஃப்ரேமர் மோஷனின் அனிமேட்பிரசன்ஸை ரவுட்டுகளுக்கு வெளியே சுற்றி, பழைய பக்கம் இடப்பக்கம் நகர்ந்து மறைய, புதியது வலப்பக்கத்திலிருந்து வருகிற மாதிரி வைத்தேன். மோட் 'வெயிட்', அதாவது பழையது போய் முடிந்த பிறகே புதியது வரும். இப்போது மூன்று தொல்லைகள்.

வெளியேறும் பழைய பக்கத்துக்குள்ளேயே புதிய பக்கத்தின் உள்ளடக்கம் தெரிகிறது. அதாவது விவரப் பக்கம் நகர்ந்து போகிறது, அப்புறம் அதே விவரப் பக்கம் மறுபடி நகர்ந்து வருகிறது.

பழைய பக்கம் கண்ணில் இருக்கும்போதே ஸ்க்ரோல் மேலே குதிக்கிறது.

பட்டியல் பக்கத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பட்டை, அனிமேஷன் ஓடும் நேரத்தில் மட்டும் காணாமல் போய், முடிந்ததும் திரும்ப வருகிறது.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்வது நல்லதா, இல்லை லைப்ரரியை விட்டுவிட்டு பிரவுசரிலேயே வந்திருக்கும் வியூ டிரான்சிஷன் ஏபிஐக்குப் போய்விடலாமா?

நடுஇரவுநிரல்

முதல் தொல்லைக்குக் காரணம் அனிமேட்பிரசன்ஸ் இல்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது: வெளியேறும் காம்போனென்ட்டை அனிமேஷன் முடியும் வரை டாமில் (பிரவுசர் வைத்திருக்கும் பக்க உறுப்புகளின் மரம்) பிடித்து வைத்திருக்கிறது. பிடித்து வைத்த அந்தக் காம்போனென்ட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. உள்ளே இருக்கும் 'ரவுட்ஸ்' இப்போதைய முகவரியை கான்டெக்ஸ்ட்டிலிருந்து படிக்கிறது. முகவரி மாறியதும் வெளியேறிக்கொண்டிருக்கும் மரமும் புதிய முகவரியைப் படித்து, புதிய பக்கத்தை வரைந்துவிடுகிறது.

'ரவுட்ஸ்' பயன்படுத்தினால் யூஸ்லொகேஷன் தரும் மதிப்பை அதற்கு லொகேஷன் ப்ராப்பாகக் கொடுங்கள், கூடவே ஒரு கீ (இது மாறினால் ரியாக்ட் பழையதைக் கழற்றிப் புதிதாக மாட்டும்). அப்போது பழைய மரம் தனக்குக் கொடுத்த பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். லேஅவுட் ரவுட்டும், அதற்குள் பக்கத்தைப் பொருத்தும் அவுட்லெட்டும் வைத்திருந்தால் அது எடுபடாது. யூஸ்அவுட்லெட் ஹூக்கைக் கூப்பிட்டு, அது தரும் உறுப்பை யூஸ்ஸ்டேட்டின் தொடக்க மதிப்பாகப் போட்டு உறைய வைக்கிற ஒரு சின்ன காம்போனென்ட் எழுத வேண்டும். அந்தக் காம்போனென்ட்டுக்குத்தான் கீ.

கீ என்ன என்பதில் கவனமாக இருங்கள். முழு முகவரியையும் கீயாகப் போட்டால், பட்டியலில் வடிகட்டியை மாற்றும்போதுகூட வினவல் சரம் மாறி, முழுப் பக்கமும் கழற்றி மாட்டப்படும். உள்ளீட்டுப் பெட்டியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவருக்கு ஃபோகஸே போய்விடும். வினவல் சரம் இல்லாத பாதைப் பகுதியான பாத்நேம் போதும். சில இடங்களில் அதுவும் அதிகம்: ஒரு படத்தின் விவரத்திலிருந்து அடுத்த படத்தின் விவரத்துக்குப் போகும்போது பக்கம் முழுவதும் மாற வேண்டுமா, நடுவில் இருக்கும் படம் மட்டும் மாற வேண்டுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அலைநீளம்

மேலே நண்பர் சொன்ன எல்லாமே சரி. ஆனால் அந்த உறைய வைக்கும் வேலை எதற்காகத் தேவைப்படுகிறது என்று ஒருமுறை யோசியுங்கள். போக வேண்டிய பக்கத்தை, அதன் ஸ்டேட்டோடும் ஈஃபெக்ட்டுகளோடும் உயிரோடு வைத்திருந்தால்தான் அதை அனிமேட் செய்ய முடியும் என்ற கட்டாயம் இருப்பதால். வியூ டிரான்சிஷனில் அந்தக் கட்டாயமே இல்லை.

டாக்குமெண்ட்டின் ஸ்டார்ட்வியூடிரான்சிஷனைக் கூப்பிட்டு ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கிறீர்கள். பிரவுசர் இப்போது திரையில் இருப்பதைப் படம் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் திரையில் வரைவதை நிறுத்தி வைத்துவிட்டு உங்கள் ஃபங்ஷனை ஓட்டுகிறது. நீங்கள் டாமை மாற்றுகிறீர்கள். முடிந்ததும் புதிய நிலையைப் பிடித்து, பக்கத்தின் மேல் ஒரு தனி அடுக்கில் பழைய படத்தையும் புதியதையும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மங்கி மாறச் செய்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் 250 மில்லிசெகண்ட். பழையது வெறும் படம், அதில் உயிர் கிடையாது. புதியது மட்டும் நேரடிக் காட்சி, உள்ளே வீடியோ இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதனால் உங்கள் முதல் தொல்லை தானாகவே தீர்ந்துவிடுகிறது. வெளியேறும் பக்கம் என்று டாமில் ஒன்று இருந்தால்தானே அது தவறான உள்ளடக்கத்தைக் காட்டும். ஸ்க்ரோலும் அப்படித்தான். ஃபங்ஷனுக்குள்ளேயே மேலே போகச் சொன்னால், வரைதல் நின்றிருக்கும் நேரத்தில் அது நடந்து முடிந்துவிடும், யார் கண்ணிலும் படாது.

பிரவுசர் ஆதரவைப் பற்றிய பயமும் இப்போது பெரிதாக இல்லை. குரோமில் 111ஆம் பதிப்பில், 2023 மார்ச்சில் வந்தது. சஃபாரியில் 18ஆம் பதிப்பு, 2024. ஃபயர்ஃபாக்ஸ் 144இல், 2025 அக்டோபரில் சேர்ந்தது. இல்லாத பிரவுசரில் அந்த ஃபங்ஷனை நேரடியாக ஓட்டினால் போதும். பக்கம் பட்டென்று மாறும், வேறொன்றும் உடையாது. லைப்ரரியில் இந்த வசதி இல்லை. அது உடைந்தால் பக்கமே வராது.

கீழிறங்கு

மூன்றாவது தொல்லையை யாரும் தொடவில்லை. அது ரொம்பப் பேரைக் கடிக்கிற விஷயம், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பொசிஷன் ஃபிக்ஸ்டு என்றால் திரைக்கு ஒட்டியது என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அதன் முன்னோர் உறுப்புகளில் ஏதாவது ஒன்றுக்கு டிரான்ஸ்ஃபார்ம் இருந்தால், ஃபிக்ஸ்டு உறுப்பு திரையை விட்டுவிட்டு அந்த முன்னோரை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது. இது பிழை இல்லை, சிஎஸ்எஸ் விதியே அப்படி. ஃபில்டர், பெர்ஸ்பெக்டிவ், வில்-சேஞ்சில் டிரான்ஸ்ஃபார்ம் என்று எழுதுவது, எல்லாம் இதே விளைவைத் தரும்.

உங்கள் பட்டியல் பக்கம் திரையைப் போலப் பத்து மடங்கு நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனிமேஷன் தொடங்கியதும் சுற்றியிருக்கும் டிவ்வுக்கு டிரான்ஸ்ஃபார்ம் வருகிறது. 'பாட்டம் பூஜ்யம்' என்று எழுதிய பட்டை அந்தக் கணமே பக்கத்தின் கடைசி அடிக்குப் போய் உட்கார்ந்துவிடும். ஃப்ரேமர் மோஷன் அனிமேஷன் முடிந்ததும் டிரான்ஸ்ஃபார்மை 'நன்' ஆக்கிவிடுகிறது, அதனால் பட்டை திரும்ப வருகிறது. நீங்களே கீஃப்ரேம் எழுதி, ஃபில்-மோட் ஃபார்வர்ட்ஸ் வைத்து, கடைசியில் டிரான்ஸ்லேட் பூஜ்யம் என்று விட்டிருந்தால் அது திரும்பவே வராது. பூஜ்யம் நகர்த்தல் என்பதும் டிரான்ஸ்ஃபார்ம்தான். கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாது, ஆனால் அந்தப் பக்கத்தில் திறக்கும் ஒவ்வொரு மோடலும் தவறான இடத்தில் நிற்கும். காரணத்தைத் தேடுபவர் மோடலின் கோடைத்தான் புரட்டிக்கொண்டிருப்பார். குற்றவாளி நாலு அடுக்கு மேலே இருப்பான்.

வழி எளிது. பட்டையை, தலைப்பை, மோடலையெல்லாம் நகரும் டிவ்வுக்கு வெளியே எடுங்கள். மோடலுக்கு போர்ட்டல், அதாவது அதை டாமில் வேறு இடத்தில் வரையும் ரியாக்ட் வசதி. வியூ டிரான்சிஷனுக்குப் போனால், பட்டைக்குத் தனியாக ஒரு வியூ-டிரான்சிஷன்-நேம் கொடுங்கள். அப்போது அது பக்கத்தின் படத்திலிருந்து பிரிந்து, பின்னால் எது நகர்ந்தாலும் தன் இடத்தில் அசையாமல் நிற்கும்.

செவிவழி

நான் ஸ்க்ரீன் ரீடர் வைத்துத்தான் இணையத்தைப் படிக்கிறேன். இந்த இழையில் இதுவரை வந்ததெல்லாம் கண்ணால் பார்ப்பது பற்றி. படவரி தொடக்கத்தில் சொன்ன "பக்கம் மாறியதே தெரிவதில்லை" என்பது எனக்கு அனிமேஷன் போட்டாலும் தீராது.

சாதாரண இணையதளத்தில் இணைப்பைத் தட்டினால் புதிய பக்கத்தின் தலைப்பை ஸ்க்ரீன் ரீடர் படிக்கும், ஃபோகஸ் பக்கத்தின் தொடக்கத்துக்குப் போகும். எஸ்பிஏ-வில் இரண்டும் நடக்காது. தட்டிய இணைப்பு டாமிலிருந்து நீக்கப்பட்டால் ஃபோகஸ் பாடிக்கு விழுந்துவிடும். எனக்குக் கேட்பது மௌனம் மட்டும். பட்டன் வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று மறுபடி தட்டுவேன்.

ஆகவே பக்கம் மாறியதும் முதலில் டாக்குமெண்ட்டின் டைட்டிலை மாற்றுங்கள். அப்புறம் புதிய பக்கத்தின் எச்1 தலைப்புக்கு டேப்இண்டெக்ஸ் மைனஸ் ஒன்று கொடுத்து ஃபோகஸை அங்கே அனுப்புங்கள். இது ரவுட்டர் தானாகச் செய்கிற வேலை இல்லை, நீங்கள் எழுத வேண்டும்.

அனிமேஷன் வந்தால் இதில் இரண்டு சிக்கல் கூடுகிறது. 'வெயிட்' மோடில், முகவரி மாறிய கணத்தில் புதிய எச்1 இன்னும் பிறந்தே இருக்காது. அந்த நேரத்தில் ஃபோகஸ் அனுப்பினால் போக இடமில்லாமல் தொலைந்துபோகும். புதிய பக்கக் காம்போனென்ட் மவுண்ட் ஆன பிறகு, அதற்குள்ளிருந்தே அனுப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் டாமில் இருக்கிற முறையில், எனக்கு இரண்டு எச்1, இரண்டு மெயின், இரண்டு பட்டியல். வெளியேறும் பக்கத்துக்கு இனர்ட் பண்பைக் கொடுத்தால் அது என் பார்வையிலிருந்து நீங்கிவிடும், டேப் விசையும் உள்ளே போகாது. வியூ டிரான்சிஷனில் பழையது படம் மட்டுமே என்பதால் இந்தத் தொந்தரவு எழுவதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அலைநீளம் சொன்ன பக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று, இது பார்வை உள்ளவர்களுக்கும் சேர்த்து. திரை முழுவதும் பக்கவாட்டில் ஓடினாலோ பெரிதாகிச் சிறிதானாலோ சிலருக்குத் தலைசுற்றும், குமட்டும். உட்காதின் சமநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு அது விளையாட்டில்லை. இயங்குதளத்தில் 'அசைவைக் குறை' என்று அவர்கள் வைத்திருப்பதை பிரிஃபர்ஸ்-ரெடியூஸ்டு-மோஷன் வழியாக உங்கள் சிஎஸ்எஸ் அறிந்துகொள்ளலாம். 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டியில் இதற்கென்றே 2.3.3 என்ற விதி இருக்கிறது. மூன்று ஏ நிலை என்பதால் கட்டாயமில்லை என்று பலர் தாண்டிப் போகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

ஒருகிளிக்

எல்லோரும் எப்படிச் செய்வது என்று பேசுகிறீர்கள். செய்யத்தான் வேண்டுமா என்று நான் கேட்கிறேன்.

நாள் முழுவதும் ஒரு பயன்பாட்டில் வேலை பார்ப்பவருக்கு ஒவ்வொரு கிளிக்குக்கும் அனிமேஷன் என்பது ஒவ்வொரு கிளிக்குக்கும் காத்திருப்பு. 'வெயிட்' மோடில் 300 வெளியே, 300 உள்ளே, ஆக 600 மில்லிசெகண்ட். அது வரை புதிய பக்கம் முழுதாக வந்து நிற்காது. கிளிக்கிலிருந்து விளைவு வரை பத்தில் ஒரு வினாடிக்குள் முடிந்தால்தான் உடனடியாக நடந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும் என்று ஜேக்கப் நீல்சன் 1993இலேயே எழுதிவிட்டார். சர்வரைச் சரிசெய்து, கேஷ் வைத்து, பாடுபட்டு 80 மில்லிசெகண்ட்டுக்குக் கொண்டு வந்த பக்கத்தை நாமே 600க்கு இழுத்து நிறுத்துவதில் என்ன நியாயம்?

அலைநீளம்

> ஒவ்வொரு கிளிக்குக்கும் காத்திருப்பு

உங்கள் கணக்கை நான் மறுக்கவில்லை. அந்தக் கணக்கில் பாதி, வெளியேறும் அனிமேஷன். அதை எடுத்துவிடுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். ஒருவர் ஒரு பக்கத்தை விட்டுப் போக முடிவு செய்துவிட்டார், அந்தப் பக்கம் அழகாக விடைபெறுவதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. வருவதை மட்டும், 150இலிருந்து 200 மில்லிசெகண்ட்டுக்குள், தொடக்கத்தில் வேகமாகவும் முடிவில் மெதுவாகவும் காட்டினால் காத்திருப்பு உணர்வு வராது.

ஆனால் "தேவையே இல்லை" என்பதை ஏற்க மாட்டேன். படவரியின் முதல் பதிவை மறுபடி படியுங்கள். திரும்பி வந்தவர்கள் எந்தப் படத்தைப் பார்த்தோம் என்று தேடுகிறார்கள். அந்தத் தேடலுக்கு 600 மில்லிசெகண்ட்டைவிட அதிகம் ஆகும். தொட்ட சிறு படமே வளர்ந்து விவரப் பக்கத்தின் பெரிய படமாக நின்று, திரும்பும்போது அதே இடத்துக்குச் சுருங்கிப் போனால் கண் அதைத் தொடர்ந்துகொண்டே போகும். எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்லும் அசைவு வேறு, சும்மா பக்கம் முழுவதும் வழுக்குவது வேறு. முன்னதை வையுங்கள், பின்னதைத் தூக்குங்கள்.

ஒருகிளிக்

பட்டியலுக்கும் விவரத்துக்கும் இடையே என்றால் ஒப்புக்கொள்கிறேன். தாவல்கள், வடிகட்டி, அமைப்புகள் பக்கம் இவற்றுக்கு வேண்டாம் என்பதில் உறுதியாக நிற்கிறேன். ஒரே நாளில் நூறு தடவை போய்வரும் வழியில் எந்த அசைவும் இருக்கக் கூடாது.

அலைநீளம்

அதில் நமக்குள் சண்டையே இல்லை.

படவரி

எல்லோருக்கும் நன்றி. வெளியேறும் அனிமேஷனை எடுத்துவிட்டு வியூ டிரான்சிஷனுக்கு மாறினேன். ஆனால் ஃபங்ஷனுக்குள் நேவிகேட்டைக் கூப்பிட்டால் அனிமேஷன் வரவே இல்லை, அல்லது பழையதிலிருந்து பழையதுக்கே மங்கி மாறுகிறது. சிறு படங்களுக்கெல்லாம் 'படம்' என்று வியூ-டிரான்சிஷன்-நேம் கொடுத்ததும் அதுவும் நின்று, கன்சோலில் சிவப்பு எழுத்து வருகிறது.

நடுஇரவுநிரல்

இரண்டுக்கும் தனித்தனிக் காரணம்.

ஸ்டேட் மாற்றத்தை ரியாக்ட் உடனே டாமில் எழுதுவதில்லை, சேர்த்து வைத்துப் பிறகு எழுதும். உங்கள் ஃபங்ஷன் முடிந்த கணத்தில் டாம் இன்னும் பழையதாகவே இருக்கிறது. பிரவுசர் அதையே 'புதியது' என்று படம் பிடிக்கிறது. கையால் எழுதினால் ரியாக்ட்-டாமில் இருக்கும் ஃப்ளஷ்சிங்குக்குள் போட்டு ஸ்டேட்டை மாற்ற வேண்டும். ரியாக்ட் ரவுட்டரில் அதற்கும் அவசியமில்லை: லிங்க்குக்கு வியூடிரான்சிஷன் என்று ஒரு ப்ராப் இருக்கிறது, நேவிகேட்டுக்கும் அதே பெயரில் ஒரு விருப்பம். ஆனால் கிரியேட்பிரவுசர்ரவுட்டரும் ரவுட்டர்புரொவைடரும் இருந்தால்தான் அது வேலை செய்யும். பழைய பிரவுசர்ரவுட்டர் காம்போனென்ட்டோடு போட்டால் சத்தமில்லாமல் ஒன்றும் நடக்காது.

அப்படி மாறுவதில் இன்னொரு பெரிய நன்மை. பக்கத்துக்கான தரவைக் கொண்டு வரும் லோடர்கள் எல்லாம் முடிந்து தரவு கைக்கு வந்த பிறகுதான் ரவுட்டர் டிரான்சிஷனைத் தொடங்கும். கையால் எழுதுபவர்கள் ஃபங்ஷனுக்குள்ளேயே தரவுக்காகக் காத்திருக்கிறார்கள். அது வரை திரை உறைந்து நிற்கும், எதைத் தட்டினாலும் பதில் வராது. குரோமில் 4 வினாடி தாண்டினால் பிரவுசரே டிரான்சிஷனைக் கைவிட்டுவிடும். தரவு முதலில், படம்பிடிப்பு பிறகு. இந்த வரிசை மாறவே கூடாது.

பக்கத்தின் கோடைத் தேவைப்படும்போது இறக்கும் ரியாக்ட் லேசியும், அது வரும் வரை வேறொன்றைக் காட்டும் சஸ்பென்ஸும் வைத்திருந்தால் அதையும் கவனியுங்கள். பக்கத்தின் கோடு இன்னும் வந்து சேரவில்லை என்றால், சுழலும் வளையத்துக்கு அழகாக மங்கி மாறி, அப்புறம் உண்மையான பக்கம் பட்டென்று வந்து விழும். ரவுட்டின் லேசி விருப்பத்தில் போட்டால் கோடு வந்த பிறகுதான் பக்கம் மாறும்.

சிவப்பு எழுத்துக்குக் காரணம் பெயர். ஒரு நேரத்தில் ஒரு பெயர் ஒரே உறுப்புக்குத்தான் இருக்க வேண்டும். இரண்டு உறுப்புகள் ஒரே பெயரோடு நின்றால் பிரவுசர் டிரான்சிஷன் முழுவதையும் விட்டுவிடும். பக்கம் மட்டும் மாறும்.

கீழிறங்கு

எல்லாச் சிறு படத்துக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்தால் பிழை போய்விடும், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். பெயரிட்ட ஒவ்வொன்றும் தனியாகப் படம் பிடிக்கப்பட்டுத் தனி அடுக்காக நிற்கும். இருநூறு படம் என்றால் இருநூறு அடுக்கு. தொட்ட படத்துக்கு மட்டும் பெயர் கொடுக்க யூஸ்வியூடிரான்சிஷன்ஸ்டேட் ஹூக் இருக்கிறது. முகவரியைக் கொடுத்தால், அந்த முகவரியை நோக்கியோ அதிலிருந்தோ டிரான்சிஷன் நடக்கும்போது மட்டும் உண்மை என்று சொல்லும். அப்போது பெயரை வையுங்கள், மற்ற நேரம் நன். அனிமேஷனோடு போன வழியில் பின்னால் திரும்பும்போதும் ரவுட்டர் அதை நினைவில் வைத்து அனிமேஷன் போடும்.

அடுத்து ஒன்று வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிறு படம் சதுரம், பெரிய படம் நீள்சதுரம் என்றால் வளரும்போது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாமல், விளிம்பில் இரட்டையாகத் தெரியும். பழையது, புதியது இரண்டின் போலி உறுப்புகளுக்கும் ஹைட் 100 சதவீதம், ஆப்ஜெக்ட்-ஃபிட் கவர் கொடுங்கள். இரண்டையும் சுமக்கும் இமேஜ்-பேருக்கு ஓவர்ஃப்ளோ கிளிப். தலைப்பு எழுத்தையும் இப்படி நகர்த்தினால் அதன் அகலத்தை ஃபிட்-கன்டென்ட் ஆக்குங்கள், இல்லையென்றால் எழுத்து இழுபட்டுக் கோணலாகும்.

அடுக்கு

வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் லேப்டாப்பில் பார்த்துவிட்டு வழவழப்பாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான். புதிய பக்கம் மவுண்ட் ஆகும் அதே நேரத்தில்தான் அனிமேஷனும் ஓடுகிறது. உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் மெயின் த்ரெட்டுக்கு அப்போதுதான் மூச்சு முட்டும்.

ஒப்பாசிட்டியும் டிரான்ஸ்ஃபார்மும் சிஎஸ்எஸ் வழியாக ஓடினால் அடுக்குகளைச் சேர்த்துத் திரையில் காட்டும் தனி கம்பாசிட்டர் த்ரெட் அவற்றைப் பார்த்துக்கொள்ளும், மெயின் த்ரெட் திணறினாலும் அசைவு தடுக்காது. லெஃப்ட், டாப், மார்ஜின், ஹைட் இவற்றை அசைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் லேஅவுட் மறுகணக்கு. ஃப்ரேமர் மோஷனில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: எக்ஸ், ஒய், ஸ்கேல் என்று தனித்தனியாகக் கொடுத்தால் அது ஜாவாஸ்கிரிப்ட் வழியே மெயின் த்ரெட்டில் ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்ம் என்று ஒரே சரமாகக் கொடுத்தால் கம்பாசிட்டருக்குப் போகும். மங்கலாக்கும் பிளர் ஃபில்டரை முழுப் பக்கத்துக்கும் போடவே வேண்டாம், மலிவான போன்களில் அது கண்ணெதிரே தடுக்கும்.

டெவ்டூல்ஸ் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் சிபியூவை ஆறு மடங்கு மெதுவாக்கிப் பாருங்கள். அதில் தடுக்கினால் அனிமேஷனைக் குறைக்காதீர்கள், முதலில் அந்தப் பக்கம் மவுண்ட் ஆகும்போது என்னென்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நீளமான பட்டியல் ஒன்று முழுவதுமாக வரையப்பட்டுக்கொண்டிருக்கும்.

சிறுஇலை

நான் வியூ 3 (Vue, ரியாக்ட் போன்ற இன்னொன்று; வியூ டிரான்சிஷனின் View இல்லை) பயன்படுத்துகிறேன். ரவுட்டர்-வியூவைச் சுற்றி டிரான்சிஷன், மோட் அவுட்-இன். ஒரே ஒரு பக்கத்துக்குப் போனால் மட்டும் திரை வெள்ளையாக நின்றுவிடுகிறது, ரீலோடு செய்தால்தான் வருகிறது. இதே இழையில் கேட்கலாமா?

நடுஇரவுநிரல்

கேட்கலாம். அந்தப் பக்கத்தின் டெம்ப்ளேட்டில் மேல்மட்டத்தில் ஒரே உறுப்புதான் இருக்கிறதா பாருங்கள். வியூ 3இல் ஒரு காம்போனென்ட்டுக்குப் பல வேர்கள் இருக்கலாம், ஆனால் டிரான்சிஷனுக்கு ஒன்றுதான் வேண்டும். வேர் உறுப்புக்கு முன்னால் ஒரு கமெண்ட் எழுதியிருந்தாலும் டெவலப்மென்ட்டில் அது இன்னொரு வேராகிவிடும். எல்லாவற்றையும் ஒரு டிவ்வுக்குள் போடுங்கள்.

சிறுஇலை

கமெண்ட்தான். மிக்க நன்றி.

படவரி

பட்டியலிலிருந்து விவரத்துக்குப் படம் வளர்ந்து போகிறது, திரும்பும்போது அதே இடத்தில் போய் அமர்கிறது. மற்ற பக்கங்களுக்கு எந்த அசைவும் வைக்கவில்லை. எச்1க்கு ஃபோகஸ் போகிறது. பட்டைக்குத் தனிப் பெயர். ஐபோனில் மட்டும் ஒரு குறை: திரை விளிம்பிலிருந்து விரலால் இழுத்துப் பின்னால் போனால், பக்கம் ஒருமுறை நகர்ந்து வந்து நிற்கிறது, அப்புறம் எங்கள் அனிமேஷன் இன்னொரு முறை ஓடுகிறது.

அலைநீளம்

முதலாவது சஃபாரி தானே காட்டும் அசைவு. அது முடிந்த பிறகுதான் உங்கள் ஆப்புக்கு பாப்ஸ்டேட் (முன்பின் போனதைச் சொல்லும் நிகழ்வு) வருகிறது. அந்த நிகழ்வில் ஹாஸ்யூஏவிஷுவல்டிரான்சிஷன் என்று ஒரு பண்பு உண்டு. பிரவுசர் ஏற்கெனவே அசைவு காட்டிவிட்டது என்றால் அது உண்மையாக இருக்கும். அப்போது எச்டிஎம்எல் உறுப்பில் ஒரு டேட்டா பண்பை வைத்து, அது இருக்கும்போது வியூ டிரான்சிஷனின் குரூப், ஓல்டு, நியூ மூன்றுக்கும் அனிமேஷன் நன் என்று சிஎஸ்எஸ்ஸில் எழுதிவிடுங்கள். அந்தப் பண்பு இல்லாத பிரவுசரில், தொடுதிரையில் பின்செல்லும்போது அனிமேஷனே வேண்டாம் என்று விடுவதுதான் பாதுகாப்பு.

பின்னாளில் முன்னே போவதற்கும் பின்னே வருவதற்கும் வெவ்வேறு திசை வேண்டுமென்றால், 'பாப்' என்றாலே பின்னால் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரவுசரின் முன்செல் பட்டனும் பாப்தான். ரியாக்ட் ரவுட்டர் ஹிஸ்டரி ஸ்டேட்டில் ஒரு வரிசை எண்ணை வைக்கிறது, பழைய எண்ணையும் புதியதையும் ஒப்பிட்டுத்தான் திசையை முடிவு செய்ய வேண்டும்.

செவிவழி

படவரி, ஒன்று கேட்க வேண்டும். 'அசைவைக் குறை' வைத்திருப்பவர்களுக்கு என்ன செய்தீர்கள்?

படவரி

படம் வளர்வதை நிறுத்திவிட்டு 100 மில்லிசெகண்ட் மங்கல் மாற்றம் மட்டும் வைக்கலாம் என்று இருக்கிறேன். அது போதுமா, இல்லை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமா? இதைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் சிஸ்டம் அமைப்புக்குப் போக வேண்டியிருக்கிறது.

செவிவழி

என் நண்பர்களில் தலைசுற்றல் உள்ளவர்கள் சொல்வது, இடம் மாறுவதும் அளவு மாறுவதும்தான் தொந்தரவு, குறுகிய மங்கல் தொந்தரவு இல்லை என்பதே. ஆகவே உங்கள் யோசனை சரி. வியூ டிரான்சிஷனில் இடத்தையும் அளவையும் நகர்த்துவது குரூப். மங்கல் மாற்றம் ஓல்டு, நியூ இரண்டிலும் நடக்கிறது. குரூப்புக்கு மட்டும் அனிமேஷன் நன் கொடுத்தால் படம் தன் புதிய இடத்திலேயே மங்கி மாறும்.

அடுக்கு

சோதிக்க சிஸ்டம் அமைப்பைத் தொட வேண்டாம். குரோம் டெவ்டூல்ஸில் ரெண்டரிங் பகுதியைத் திறந்தால் பிரிஃபர்ஸ்-ரெடியூஸ்டு-மோஷனைப் போலியாக வைக்கும் விருப்பம் இருக்கிறது. கூடவே அனிமேஷன்ஸ் பகுதியில் வேகத்தை 10 சதவீதமாக்கி ஓட்டிப் பாருங்கள். படத்தின் விளிம்பு எங்கே பிசகுகிறது, பட்டை எப்போது அசைகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரியும். அந்த வேகத்தில் நடுவழியில் இன்னொரு படத்தைத் தட்டியும் பாருங்கள். டிரான்சிஷன் ஓடும்போது மேலே நிற்கும் அடுக்கு கிளிக்கை வாங்கிக்கொள்ளும், கீழே இருக்கும் இணைப்புக்கு அது போகாது. 200 மில்லிசெகண்ட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள், 500இல் கவனிப்பார்கள்.